காற்றின் அளவுத்துணி

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காற்று உண்டு. ஆடி பிறக்கிற அன்றைக்கு அந்தந்த வீட்டார் தங்கள் காற்றுக்குப் புதிதாக ஒரு துணிப்பட்டம் தைத்துக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அது கோபித்துக்கொள்ளாது, சத்தம் போடாது. பொழுது சாய்கிறவரை பார்த்துவிட்டு, வந்த கணவாய் வழியாகவே திரும்பிப் போய்விடும். மேலத்தெருவில் ஒரு வீட்டில் அப்படித்தான் போனது. அங்கே இன்றைக்கும் ஊதுபத்திப் புகை கூடத்தின் நடுவில் தூண் மாதிரி நிற்கிறது. வீட்டுக்காரர்கள் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள்.

பட்டத்தில் குச்சி வைக்கக் கூடாது. குச்சி, காற்றைக் குத்தும். முழுக்கத் துணிதான், வாய்ப்பக்கம் மட்டும் திறந்திருக்கும். காற்று உள்ளே போய்க் கை காலை நீட்டிக்கொண்டால் அதுதான் உருவம்.

தையலைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. என் மனைவி மலர் குடைத்துணியில்கூடச் சுருக்கம் விழாமல் தைப்பாள். கவலையெல்லாம் டிசைன்தான். ஒரு வருஷம் போட்டதைக் காற்று மறுபடி போடாது. பாகற்காய், வாத்து, ரயில் எஞ்சின், சம்மணம் போட்ட தவளை என்று எங்கள் வீட்டில் நிறையத் தைத்து முடித்தாகிவிட்டது. ஆனி மாதம் முழுக்க ஊரே யோசனையாக அலையும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தால் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மூக்கு நல்ல டிசைன். உள்ளே இடம் இருக்கிறது.

எனக்கு ஐஸ் பாக்டரியில் ராத்திரி ஷிப்ட். பகலில் தூங்க வேண்டியவன், தூக்கம் வருவதில்லை. ஜன்னலோரம் படுத்து, மார்பில் ஒரு கலைக்களஞ்சியப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்வேன். எங்கள் காற்று வந்து பக்கத்தைத் திருப்பும். நான் படித்து முடிக்கிறவரை காத்திருக்கும். புரியவில்லை என்றால் அதற்குத் தெரிந்துவிடும்; ஒரு பக்கம் பின்னால் போகும். பள்ளிக்கூடத்தில் நான் அதிகநாள் இருந்தவனில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அது திருப்பிக் காட்டியதுதான். அது போய்விட்டால், எந்தப் பக்கத்தில் இருக்கிறேனோ அந்தப் பக்கத்திலேயே மீதிக் காலத்தையும் ஓட்ட வேண்டியதுதான். இந்த வருஷம் ஆனியில் நான் ஆக்டோபஸ் பக்கத்தில் இருந்தேன்.

"ஆக்டோபஸ் தச்சா என்ன?" என்று கேட்டேன்.

"எட்டுக் காலு. எட்டுக்கும் ஓரம் யாரு அடிக்க? நீங்களா?" என்றாள் மலர், மிஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"சரி, பூசணிக்காய்?"

"பக்கத்து வீட்டு டீச்சர் போன வருஷம் விட்டாச்சு. பாத்து அடிச்சேன்னு சொல்லணுமாக்கும்."

"மூக்கு?"

"யாரு மூக்கு?"

"பொதுவா ஒரு மூக்கு."

"பொதுவா மூக்குன்னு ஒண்ணு கெடையாதுங்க. என்ன தச்சாலும் கடைசியில உங்க அக்கா மூக்குலதான் வந்து நிக்கும்."

அளவுத்துணி கிடைத்தால் யோசனையும் வரும் என்று காத்திருந்தோம். டைலரிடம் நாம் அளவு ஜாக்கெட் கொடுக்கிற மாதிரி, காற்றும் அளவு கொடுக்கும். ஆனியில் ஒருநாள் கொடியிலிருந்து தனக்குத் தோதான துணி ஒன்றை உருவிக்கொண்டு போய்த் தன் வீட்டு மாடியில் போட்டுவிடும். அதை வைத்துத்தான் வாய், கழுத்து, வயிறு எல்லாம் வெட்ட வேண்டும். உருவம் நம் இஷ்டம், அளவு அதன் இஷ்டம்.

இந்த வருஷம் எங்கள் தண்ணீர்த் தொட்டி மேல் கிடந்தது, கீழே சுற்றிலும் கொசுவம் வைத்த பெரிய நீல உறை. எதற்குப் போடும் உறை என்று தெரியவில்லை. மலர் வாங்கியிருப்பாள் என்று நான் நினைத்தேன். பாக்டரியில் கொடுத்திருப்பார்கள் என்று அவள் நினைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதையெல்லாம் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிற பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதே வாரம் என் ஸ்வெட்டரையும் காணவில்லை. ஊரில் ஸ்வெட்டர் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். பாக்டரியில் இருக்கும் என்று வீட்டில் சொன்னார்கள். வீட்டில் இருக்கும் என்று பாக்டரியில் சொன்னார்கள். நான் நடுங்கிக்கொண்டே வேலை பார்த்தேன்.

அந்தக் கொசுவத்தைப் பார்த்ததும் மலருக்கு யோசனை வந்துவிட்டது. மேலே பூசணிக்காய், கீழே கொசுவம் வருகிற இடத்தில் எட்டுக் கால். கால் வைத்துவிட்டால் டீச்சர் விட்ட பூசணிக்காயும் புது டிசைன்தான். அவள் ஒத்துக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம். நூலோட்டி, போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடி அடித்து, கடைசிக் காலுக்கு ஓரம் மடித்தபோது ஆடி பிறந்துவிட்டது.

காலையில் ஊரே மாடியில் நின்றது. நாங்களும் பட்டத்தின் வாயை விரித்துப் பிடித்தோம். ஒரே மூச்சில் நிறைந்தது. எட்டுக் காலும் விறைத்துக்கொண்டு மேலே போனது. மலர் கையைத் தட்டித் தூசியை உதறினாள்.

கீழே வந்து படுத்தேன். ஜன்னலில் ஒரு ராகம் இழுபட்டது. பிறகு போர்வை பறந்தது. புத்தகம் ஆக்டோபஸிலிருந்து நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய் மூடிக்கொண்டது. எழுந்து உட்கார்ந்தேன். தலைமுடி தானாக இடதுபக்கம் வகிடு எடுத்துக்கொண்டது.

"இது நம்ம காத்து இல்ல" என்றாள் மலர், கொல்லையிலிருந்து. "சட்டையெல்லாம் பட்டன் போட்டுல்ல காயுது."

எங்கள் காற்று தெருமுக்கில் நின்றுகொண்டிருந்தது. உடுத்த ஒன்றுமில்லாமல், கொஞ்சம் சருகையும் ஒரு பஸ் டிக்கெட்டையும் சுற்றிக்கொண்டு கூச்சத்தோடு சுழன்றது. போகிறவர்கள் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

மத்தியானம் எஸ்தர் டீச்சர் வந்தார். ரிட்டயராகி, ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு பக்கத்து வீட்டில் தனியாக இருப்பவர். கக்கத்தில் ஒரு பட்டம் துவண்டு கிடந்தது.

"ஏட்டி மலர், எங்க காத்து உங்க வீட்ல பாடிக்கிட்டிருக்கா?"

"வந்ததுலேருந்து பாட்டுதான் டீச்சர். இவரு கண்ணசரல."

"பகல்ல தூங்குனா அதுக்குப் பிடிக்காது. என் ஆர்மோனிய உறை எங்க?"

மலர் நீல உறையைக் கொண்டுவந்து கொடுத்தாள். டீச்சர் தன் பங்குக்கு ஒரு கம்பளித் துணியை மேஜையில் வைத்தார்.

"எங்க கொய்யா மரத்துல கெடந்துச்சு. கரடிக்குட்டித் தோலோன்னு நெனச்சேன். இதை வச்சுத்தான் அளவெடுத்தேன்."

"என் ஸ்வெட்டர்" என்றேன்.

"உம்மதா, தங்கப்பழம்? அதான் முழங்கையில ஓட்டை."

"தைக்கணும்னுதான் இருந்தேன்" என்றாள் மலர் வேகமாக.

நடந்தது விளங்கிவிட்டது. இரண்டு காற்றும் மதில்மேல் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த சுவாரசியத்தில் அளவுத்துணியை மாற்றிப் போட்டிருக்கின்றன. பட்டத்தை மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

டீச்சர் தன் பட்டத்தை விரித்தார். அது ஒரு குடம். குடத்துக்கு இரண்டு நீளமான கைகள் இருந்தன.

"குடத்துக்கு எதுக்கு டீச்சர் கை?"

"அளவுல கை இருந்துச்சு, வச்சேன். அளவை மீறலாமா?"

"வெரல் வேற இருக்கு?"

"கைன்னு வந்தப்புறம் வெரலை எங்க கொண்டுபோய் விட?"

மலர் குடத்தை உள்வெளியாகப் புரட்டினாள். எங்கள் ஊரில் பட்டத்தை வெளிப்பக்கம் பார்த்து யாரும் மதிப்பதில்லை.

"பிசிறு வெட்டலையே டீச்சர்."

"காத்து என்ன, உள்ள உக்காந்து பிசிறையா எண்ணப்போவுது?"

"எங்க காத்து எண்ணும்."

அவள் மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நேரம் கழித்து நான் வாசலுக்கு வந்து பார்த்தேன். தெருமுக்கில் காற்று இல்லை. சருகு மட்டும் கிடந்தது. பஸ் டிக்கெட் ரொம்ப தூரத்தில், கணவாய்ப் பக்கம், மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

உள்ளே ஓடிப் புத்தகத்தை எடுத்து வந்தேன். ரோட்டின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆக்டோபஸ் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தேன். ஒரு லாரி என்னைச் சுற்றிக்கொண்டு போனது. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம் என்று போட்டிருந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திக் காத்திருந்தேன்.

பஸ் டிக்கெட் நின்றது. திரும்பியது. முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. பக்கத்தின் ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டது.

நான் சட்டென்று புரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அது யோசித்தது. பிறகு ஒரு பக்கம் பின்னால் போனது. முதல் வரியிலிருந்து மறுபடி வாசித்தேன். மறுபடி புரியவில்லை. மறுபடி பின்னால் போனது. இப்படியே நாங்கள் ஆக்டோபஸிலிருந்து ஆகாயத்தாமரை வரை பின்னுக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் மலர் தோளில் குடத்தைப் போட்டுக்கொண்டு, வாயில் நூலைக் கடித்தபடி ஓடி வந்தாள்.

வாயை விரித்துப் பிடித்தோம். காற்று முதலில் உள்பக்கத் தையலை ஒரு சுற்றுப் பார்த்தது. பிறகு நுழைந்தது. வயிறு நிறைந்தது. தோள் நிறைந்தது. கை நீண்டு, விரல்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பத்தாவது விரலும் நிமிர்ந்ததும் அது குனிந்து, புத்தகத்தை எடுத்து, கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் வீட்டுக்கு நடந்தது.

டீச்சர் வீட்டு மாடிக்கு மாறிவிட்டிருந்த எட்டுக்கால் பூசணிக்காய் பாடிக்கொண்டிருந்தது. "நம்ம தையல் எப்படி நிக்கிது பாத்தீங்களா" என்றாள் மலர்.

சாயங்காலம் ஷிப்டுக்கு நேரமாயிற்று. மலர் ஸ்வெட்டரின் முழங்கையை அடைத்துக் கொடுத்தாள். நான் வாங்குவதற்குள் குடத்தின் கை நீண்டு அதை வாங்கிக்கொண்டது. போட்டுப் பார்த்தது. அளவு கச்சிதமாக இருந்தது. டிபன் கேரியரை எடுத்துக்கொண்டது. மலர் அதைத் திரும்ப வாங்கி, இரண்டு தோசை கூடுதலாக வைத்து மூடிக் கொடுத்தாள். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு அது பாக்டரிப் பக்கமாகப் போனது.

சாயங்காலத்தில் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று எனக்கு மறந்தே போயிருந்தது. கொஞ்சநேரம் நின்று பார்த்தேன்.

"துவச்ச போர்வை இன்னும் காயல" என்றாள் மலர்.

நான் கொடிக்குப் பக்கத்தில் போய் நின்று, மூச்சை இழுத்து, ஊதினேன். போர்வை லேசாக அசைந்தது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாக ஊதிக்கொண்டு வந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் டீச்சரின் தலை தெரிந்தது.

"தங்கப்பழம், எங்க காத்து பாட்டு முடிஞ்சாத்தான் வேலைக்கு வரும் போலிருக்கு. கொஞ்சம் இந்தப் பக்கம் பாத்தும் ஊதுமய்யா. எங்க துணியும் கெடக்கு."

நான் அந்தப் பக்கம் திரும்பினேன்.