மஞ்சள் பூசாத வெள்ளி

மணி ஐந்தரை. ஜெஞ்சாரோம் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பெரட்டுக்குப் பெயர் கூப்பிட்டு முடித்தபோது இன்னும் இருட்டு விலகவில்லை. பவுனம்மாள் மருந்துப் பம்பை முதுகில் ஏற்றினாள். வார் அழுந்தி அழுந்தித் தோள் பதினாறு வருஷமாய்க் காய்த்துக் கிடந்தது. மூடியோரம் கசிந்த களைக்கொல்லி முதுகை நனைத்து இடுப்புக்கு இறங்கியது. துருப்பிடித்த ஆணியைச் சப்பியது போல நாக்கில் ஒரு கைப்பு.

மருந்தடிக்கும் பெண்கள் பன்னிரண்டு பேர். பவுனம்மாளுக்கு வலப்பக்கம் மட்டும் ஓர் இடம் காலியாக இருந்தது, பல் விழுந்த ஈறு மாதிரி. அது இராஜம்மா நின்ற இடம்.

இராஜம்மாவுக்கு இடுப்பிலும் தொடையிலும் வெளுத்த திட்டுகள் வந்தன. தேமல் என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர். ஆறு வருஷம் களிம்பு பூசி, மேலே மஞ்சளை உரசி அப்பி மறைத்தாள். பிறகு திட்டுகள் தடித்தன, கட்டி கட்டியாய் எழும்பின, உடைந்தன. கோலாலம்பூருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, நிணநீர் அணுக்களில் பிடித்துத் தோலில் காட்டும் புற்று, உள்ளேயும் இறங்கிவிட்டது என்றார்கள். தைப்பூசத்துக்கு முந்தின வாரம் செத்துப்போனாள்.

அவளைக் கடைசியில் பார்த்த டாக்டர் சந்திரகலா கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கிளினிக் வைத்திருந்தார். இந்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். மற்றப் பெண்களையும் பார்க்க வேண்டும் என்று ஒரு வெள்ளிக்கிழமை கேமராவோடு தோட்டத்துக்கே வந்தார். திட்டு இருப்பது தெரிந்தால் குஷ்டம் என்பார்கள், மகளுக்கு வரன் வராது என்ற பயத்தில் பெண்கள் விடியற்காலையிலேயே குளித்து, இடுப்பு, தொடை, கை, முதுகெல்லாம் மஞ்சளை அப்பிக்கொண்டு போய் நின்றார்கள். வெள்ளிக்கிழமை மஞ்சளில் யாருக்குச் சந்தேகம் வரும்? பன்னிரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்பிக்கொண்டவர்களில் பவுனம்மாளும் ஒருத்தி. ஆனால் அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. குளிக்கும்போதெல்லாம் இடுப்பைத் தடவிப் பார்த்தாள். கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பஸ் ஏறினாள். டாக்டர் மிளகளவு தோல் வெட்டி எடுத்தார். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"அதேதான்மா. ஆனா இது ஆரம்பம். வாரத்துக்கு ரெண்டு நாள் இங்க வந்து மெஷின்ல வெளிச்சம் காட்டுனா அடக்கி வைக்கலாம்."

மேசையில் ஒரு தடித்த புத்தகத்தை விரித்தார். எல்லாப் படமும் வெள்ளைக்காரர் உடம்பு, சிவந்த திட்டுகள். நம் தோலில் சிலருக்கு இது வெளுத்து வரும், அதற்குப் படமே இல்லை, படித்தவர்களும் தேமல் என்றே நினைத்துவிடுவார்கள் என்று விளக்கினார். அதனால்தான் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்று எல்லார் தோலையும் பார்த்துப் படம் சேர்க்கிறாராம்.

"நாங்க அடிக்கிற மருந்துதான் காரணமா டாக்டரம்மா?"

"தெரியல. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்யி. ஆனா உங்க தோட்டத்துல பன்னெண்டு பேரையும் நானே பார்த்தேனே. எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

பவுனம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மஞ்சள் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் புத்தகத்தை மூடி வைத்தார்.

"எல்லாருக்கும் இதுவா இருக்காது. முக்காவாசி வெறும் தேமலாத்தான் இருக்கும். பார்க்காம எது எதுன்னு சொல்ல முடியாதும்மா."

அதற்கெல்லாம் வழி கேட்கத்தான் இன்று, வியாழக்கிழமை, பெரட்டில் அவள் வரிசையை விட்டு முன்னால் வந்தாள். முதலாளி சோமசுந்தரம் காரிலிருந்து இறங்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் லீவும், டாக்டர் மறுபடி உள்ளே வர அனுமதியும் கேட்டாள். அவர் ஒரு காகிதத்தை எடுத்து ஆட்டினார்.

"உங்க டாக்டரே எழுதிட்டாங்க, ஒருத்திக்கும் ஒண்ணுமில்லன்னு. இப்ப என்ன புதுக்கதை?"

"அன்னிக்கி நாங்க மறைச்சிட்டோம் மொதலாளி."

"அப்ப நீங்க பொய்யி. நான் மட்டும் உண்மைய வச்சு லீவு குடுக்கணுமா?" அவர் சிரித்தார். "திட்டு இருக்கிறவ எல்லாம் நாளைக்கி ஆபீசுல கணக்கெழுதுற கிராணிகிட்ட பேரு குடுங்க. மாசக் கடைசியில லயத்து வீட்ட காலி பண்ணிட்டு நல்லா வைத்தியம் பாருங்க. யாரு வேணாம்னா?"

அன்று சாயங்காலம் பொதுக்குழாயடியில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. நாளைக்கு இன்னும் தடிமனாகப் பூச வேண்டும் என்று ரமணி மஞ்சளை உரசிக்கொண்டிருந்தாள். இராஜம்மாவும் இப்படித்தான் உரசினாள் என்றாள் பவுனம்மாள். ரமணியின் கை நின்றது.

தனலெட்சுமி வாளியைக் கீழே வைத்தாள். அவள் உடம்பில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

"திட்டு இருக்கிறவளத்தானே தொரத்துவாரு? எல்லாரும் இருக்குன்னு நின்னா எத்தன பேரத் தொரத்துவாரு, மருந்தடிக்க ஆளு ஏது? எல்லாரும் டாக்டருகிட்ட போவோம்லா. நானும் வரேன்."

"ஒனக்குத்தான் ஒண்ணுமில்லயேடி."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. டாக்டரு பார்த்துச் சொல்லட்டும். அந்தாளு சொல்ல வேணாம்."

வெள்ளிக்கிழமை. பெரட்டுக்கு யாரும் மஞ்சள் பூசி வரவில்லை. கழுவித் துடைத்த உடம்பு, முழங்கைக்கு மேல் சுருட்டிய சட்டைக் கை. பம்புகள் தரையிலேயே கிடந்தன, ஆள் ஏற்றும் லோரி பக்கத்தில் நின்றது. இராஜம்மாவின் இடத்தில் தனலெட்சுமி நின்றாள்.

முதலாளி இந்தத் தடவை காரை விட்டு இறங்கினார்.

"திட்டு இருக்கிறவ மட்டும் இந்தப் பக்கம் வா."

பன்னிரண்டு பேரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். அவர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனார். வெளுத்தது சில, வெளுக்காதது சில. யாரும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்விட்டு நாளை வேலைக்கு வருகிறோம் என்றாள் பவுனம்மாள்.

"லோரி ஒரு அடி நகரக்கூடாது. கேட்டைத் தாண்டுறவளுக்கு வீடு இல்ல."

லோரி டிரைவர் வாசு கீழே குதித்தான். சாவியைக் கொண்டுபோய் அவர் காரின் மேல் வைத்தான்.

"லோரி ஒங்களுது, வச்சிக்குங்க மொதலாளி. காலு அவங்களுது."

குலை வெட்டும் ஜெயராஜ், நீண்ட அரிவாள் கழியை மண்ணில் ஊன்றிவிட்டு வந்து லயத்து வாசலில் உட்கார்ந்தான். பின்னாலேயே நான்கு பேர் வந்தார்கள். நீங்கள் திரும்பும்வரை ஒரு சட்டி பானையும் வெளியே போகாது என்றான்.

பஸ்ஸுக்கு மூன்று மைல் செம்மண் ரோடு. இரண்டு பக்கமும் பனைகள் இருட்டை இன்னும் பிடித்து வைத்திருந்தன. பின்னால் முதலாளியின் கார் கிளம்பி மெல்ல ஊர்ந்து வந்தது. யார் யார் போகிறார்கள் என்று எண்ணுகிறாராக்கும். விளக்கு முதுகில் அடித்தபோது ரமணி தயங்கினாள். தனலெட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வரிசை ரோட்டை அடைத்து நீண்டது.

சாயங்காலம் வீடு இருக்குமா, சோதனையில் யார் பெயர் வரும், ஒன்றும் தெரியாது. பவுனம்மாள் சுருட்டிய கையை இறக்கிவிடாமலே நடந்தாள்.