நற்சாட்சி

"சின்ன வயசில பிள்ளை எப்பிடி அம்மா?" என்று டொக்டர் தேவராசா கேட்டதுதான் தாமதம், ஞானாம்பிகை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரு குறையும் சொல்லேலாது டொக்டர். இருத்தின இடத்தில இருப்பாள். நல்ல நிதானம். ஒருக்காச் சொன்னால் காணும்."

டொக்டர் பேனையை மூடினார். பக்கத்தில் இருந்த அருந்ததி தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் கம்பஸுக்கு என்னத்தை எழுதிறது? இந்தக் கவனக் குறைபாடு சின்னனிலேயே இருந்ததெண்டு வீட்டார் சொன்னால்தான் சோதினைக்குக் கூடுதல் நேரம் கேக்கலாம்."

ஞானாம்பிகை சொன்னவை இரண்டு வருடமாகச் சம்பந்தம் பேச வந்தவர்களிடமெல்லாம் மகளைப் பற்றி ஒப்புவித்த வார்த்தைகள். வாய் தானாகவே ஓடிவிட்டது. அருந்ததி பல்கலைக்கழகத்தில் அதே சோதினையில் இரண்டு முறை தவறியவள். விடை தெரியாமலில்லை, பாதிக் கேள்வி எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். மூன்றாம் முறையும் தவறினால் படிப்பு அத்தோடு சரி.

உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் அறைக்கும் விறாந்தைக்கும் நடுவில் இருந்தது ஒரு சீலைத் திரைதான். அப்பால் நோயாளிகள் காத்திருக்கும் மர வாங்கில், பிரஷருக்கு மருந்தெடுக்க வந்த நல்லம்மா இருந்தாள். கோப்பாய் மாப்பிள்ளையைப் பேசிக்கொண்டு வந்தவள் அவள்தான். "பிள்ளைக்கு என்ன வருத்தம்?" என்று சற்று முன்பு கேட்டு, "தலையிடி" என்ற பதிலை நம்பாமல் "ம்" கொட்டியவள்.

"அம்மா," என்றாள் அருந்ததி, மெல்ல. "நான் தம்பியைத் தோட்டத்தில விட்டிட்டுப் போனதைச் சொல்லுங்கோ."

ஞானாம்பிகை திரைப் பக்கம் பார்த்தாள். அதை அவள் புருஷனுக்கே சொன்னதில்லை. அன்று எட்டு வயது அருந்ததியிடம் குழந்தையைப் பார்க்கச் சொல்லிவிட்டு மிளகாய்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாற்றிவிடப் போனாள். திரும்பி வந்தபோது அவளைக் காணவில்லை. சுற்றுக்கட்டு இல்லாத கிணற்று விளிம்பில் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. காலில் பிடித்துத்தான் இழுத்தெடுத்தாள். இவளுக்கு அது இன்னும் நினைவிருக்கிறதா? இத்தனை வருடம் அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லையே.

எல்லோரும் பயப்படும் ஆமி ஹெலிகொப்டர் வானத்தில் வந்தால் நல்லது என்று முதன்முதலாக நினைத்தாள். அந்த இரைச்சலுக்குள் சொல்லிவிடலாம். இன்றைக்கென்று பார்த்து ஊர் முழுக்க அமைதி.

"மெதுவாச் சொல்லுங்கோ அம்மா," என்றார் டொக்டர்.

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் குரல் உரத்து வந்தது.

"அவளுக்கு அப்ப எட்டு வயசு டொக்டர். தோட்டக் கிணத்தடி..."

வெளியே வாங்கு கிறீச்சிட்டது. திரைக்குக் கீழே தெரிந்த இரண்டு பாதங்கள் மெல்ல இந்தப் பக்கம் திரும்பி நின்றன. ஞானாம்பிகை அவற்றைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனாள். டொக்டரின் பேனை எழுதத் தொடங்கியது.