பின்கண்ணாடியில் அப்பா

எங்கள் குடும்பத்தில் இரவல் வண்டியில் ஏறும் வழக்கம் இல்லை. ஓட்டுநர் தேர்வுக்குப் பயிற்சிப் பள்ளியின் காரையே எடுத்துக்கொள்வதாக மருமகள் சொன்னதும் தடுத்துவிட்டேன். "நம்ம வீட்டு கார் இருக்கும்மா. அதுலதான் போகணும்."

அவள் நர்ஸ். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. ஆனால் லைசென்ஸ் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். வண்டியில் குறை கண்டால் அதிகாரி தேர்வே வைக்காமல் திருப்பி அனுப்பிவிடுவார். வேலையும் கைநழுவிப் போகும்.

காரை நான் பளபளவென்று துடைத்துவைத்தேன். அவள் அதோடு விடவில்லை. டயர்களின் பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தாள். காரைச் சுவரை ஒட்டிப் பின்னால் நகர்த்தி, பிரேக்கை மிதித்து, சுவரில் விழும் சிவப்பைப் பக்கக் கண்ணாடிகளில் பார்த்தாள். ஒரு பக்கம் மட்டுமே சிவந்தது. பல்பை அவளே மாற்றினாள். அதிகாரி உட்காரும் பக்கத்து பெல்ட் பூட்டாமல் மக்கர் செய்தது. அதன் வாய்க்குள்ளிருந்து ஒரு மிட்டாய்க் காகிதத்தைக் கிளறி எடுத்தாள். என் மகனுக்கு இந்தப் பொறுமை கிடையாது. பெற்றவன் நானே சொல்கிறேன்.

"மாமா, பின்கண்ணாடியில ஒட்டியிருக்கிற பேரை எடுக்கணும்."

அது என் அப்பாவின் பெயர். கண்ணாடி முழுக்கப் பொன்னிற எழுத்து. அது இல்லாமல் எங்கள் வண்டி எதுவும் தெருவில் இறங்கியதில்லை.

"அதுல மட்டும் கை வைக்காதே."

அவள் வாதாடவில்லை. "சரி மாமா. நீங்க ஸ்டியரிங் முன்னாடி உட்காருங்க. நடுக் கண்ணாடியில பாருங்க, நான் எங்க இருக்கேன்?"

பார்த்தேன். எழுத்துகளின் முதுகுதான் தெரிந்தது.

"வீட்டுக்குள்ள போயிட்டியா?"

"வண்டிக்கு நேர் பின்னாடிதான் நிக்கிறேன் மாமா."

வாசலில் நின்ற என் மனைவி சிரித்தாள். "உங்கப்பா உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான் வழியை மறிச்சுக்கிட்டு நிப்பாரு!"

மருமகள் சிரிக்கவில்லை. அந்த மரியாதையைக் கவனித்தேன்.

வெந்நீரும் பிளேடும் கொண்டுவரச் சொன்னேன். வேறு யாரையும் தொடவிடாமல் நானே சுரண்டினேன்.

தேர்வன்று அதிகாரி காரைச் சுற்றிவந்து விளக்குகளைப் பார்த்தார், பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். குறை சொல்ல வாய் திறக்கவில்லை. சாலையில் ஓட்டித் திரும்பியவள், நடுக் கண்ணாடியைப் பார்த்தபடி, இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஒரே எடுப்பில் பின்னால் வந்து நிறுத்தினாள்.

"பாஸ்மா," என்று இறங்கிய அதிகாரி என்னைப் பார்த்தார். "வண்டி கச்சிதமா இருக்கே. நீங்க தயார் பண்ணதா?"

"எங்க மருமக சார்," என்றேன், முதுகை நிமிர்த்திக்கொண்டு. "நான் துடைச்சதோட சரி."