மூன்றாம் ஓலைக்குள் ஒரு பலகை

பாகூர் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் சிமென்ட் களத்தில்தான் சகாய சுரேஷ் அவளை முதலில் பார்த்தான். பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது, பெண்ணைக் காணோம். "களத்துல நெல்லு வாரப் போயிருக்குது, இதோ வந்துடும்" என்று அவள் அப்பா மரியசுந்தரம் மூன்றாம் முறையாகச் சொன்னபோது, கால் மரத்துப்போன சுரேஷ் கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாகச் சொல்லி வெளியே வந்தான்.

களத்தின் ஓரமாக நெல் குவிந்திருந்தது. மீதி இடமெல்லாம் சாயங்கால வெயிலில் தண்ணீர் நிற்பது போல மின்னியது. அந்தத் தண்ணீரின் மேல் ஒரு பெண் சறுக்கிக்கொண்டு வந்தாள். காலடியில் நான்கு சக்கரம் வைத்த பலகை. குவியலுக்குப் பக்கத்தில் வந்ததும் பலகையின் வாலை ஓங்கி மிதித்தாள். 'டக்' என்று ஒரு சத்தம். பெண்ணும் பலகையும் ஒன்றாக எழும்பி, குறுக்கே கிடந்த துடைப்பத்தைத் தாண்டி இறங்கின. ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் ஏரியிலிருந்து கிளம்பிய கொக்குக் கூட்டம் அந்த நேரத்துக்குள் நின்று பார்த்துவிட்டுப் போனது போல அவனுக்கு இருந்தது.

"யாரு நீங்க, இன்னா வேணும்?" என்றாள் அவள்.

"பொண்ணு பாக்க வந்தேன்."

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

அவள் பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கால் மணி நேரத்தில் பாதத்தில் நெல் தூசியோடு காபி கொண்டுவந்து கொடுத்த பெண்ணின் பெயர் மரிய சுகந்தி என்பதும், வில்லியனூரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்பதும், ஸ்கேட்போர்டு ஓட்டக் கல்லூரி நாட்களில் ஆரோவில் பக்கம் போய்க் கற்றுக்கொண்டாள் என்பதும் அதற்குப் பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது. சரி என்று அவன் சொன்னது அதற்கும் முன்பே, களத்திலேயே, மனதுக்குள்.

திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் ஓலை வாசிப்பார். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று. முதல் ஓலை வாசித்த அன்று சாயங்காலம், சுரேஷ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சுகந்தியின் பலகை இரண்டாக உடைந்தது. முன்சக்கரத்தை முடுக்கியிருக்கும் நான்கு ஆணிகளுக்குப் பக்கத்தில், பிஸ்கட் மாதிரி. அவள் முழங்கை தேய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அவன் ஓடிப்போய்த் தூக்கி, கைக்குட்டையால் ரத்தத்தைத் துடைக்கப் போனான்.

"வுடுங்க. தெனம் நாப்பது பேரு ரத்தம் பாக்கறேன், இதெல்லாம் ஒரு ரத்தமா?" என்று அவள் சிரித்தாள். "இந்த வருஷத்துல இது மூணாவது. வெல கம்மின்னு ஆன்லைன்ல வாங்கனது. மழக்காலம் வந்தா பசை வுட்டுடுது."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. உடைந்த இரண்டு துண்டுகளையும் சக்கரங்களோடு வண்டியில் கட்டிக்கொண்டு போனான்.

கிருமாம்பாக்கத்திலிருந்து கடல் பக்கம் திரும்பும் சாலையில், மீன்பிடிக்கும் ஃபைபர் போட் செய்யும் பட்டறையில் அவனுக்கு வேலை. கண்ணாடி இழையால் ஆன 'மேட்' விரிப்பைப் போட்டு, ரெசின் பசை தடவி, உருளையால் காற்றை வெளியேற்றி, மேலே அடுத்த மேட். உடையாத பொருள் செய்வதுதான் அவன் தொழில். உடைந்த பலகையை வைத்து அளவெடுத்து ஒரு பிளைவுட்டை அறுத்தான். மேலே மூன்று மேட், கீழே மூன்று மேட். கூட வேலை செய்யும் இன்னாசிமுத்து எட்டிப் பார்த்தான்.

"இன்னாடா இது?"

"சுகந்திக்கு."

"எல்லாரும் பொண்ணுக்கு பீரோ வாங்கித் தருவாங்க. நீ கதவ மட்டும் தரப்போறியா?"

காய்ந்ததும் இரண்டு செங்கல் மேல் பலகையை வைத்து, இருவரும் ஏறிக் குதித்தார்கள். பலகை முனகக்கூட இல்லை. வேலையில் குறை இருக்கிறதா என்று போட்டைத் தட்டிப் பார்ப்பது போல ஐந்து ரூபாய்க் காசால் மூலைக்கு மூலை தட்டினான். உள்ளே மேட் ஒட்டாமல் விட்டிருந்தால் 'பொத்' என்று கேட்கும். இதில் எங்கும் ஒரே சத்தம். அதன் மேல் கடல்நீலம் பூசி, பழைய சக்கரங்களை மாட்டி, வியாழக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தான்.

சுகந்தி பலகையைக் கையில் வாங்கியதும் அவள் தோள் கொஞ்சம் இறங்கியது. அவன் அதைப் பார்த்தான், ஆனால் வெட்கம் என்று நினைத்துக்கொண்டான்.

"நீங்களே செஞ்சீங்களா? ரொம்ப அழகா இருக்கு" என்றாள்.

இரண்டாம் ஓலையும் வாசித்தாயிற்று. சுரேஷ் தினமும் வேலை முடிந்து களத்துக்கு வந்தான். சுகந்தி நீலப் பலகையில் போனாள், வந்தாள். ஏரிக்காற்றில் துப்பட்டா பறந்தது. ஆட்காட்டிக் குருவி ஒன்று வரப்பில் கூவிக்கொண்டே இருந்தது. எல்லாம் முதல் நாள் போலவே இருந்தது, ஒன்றைத் தவிர. அவள் துள்ளவில்லை.

"நெல்லு கெடக்கே, அதான்" என்றாள் திங்கட்கிழமை.

"கணுக்கால் கொஞ்சம் புடிச்சிருக்கு" என்றாள் செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை அவன் கேட்கவில்லை. வீட்டில் படுத்துக் கண்ணை மூடினால் ஒரு பெண் தரையை விட்டு எழும்பினாள், கொக்குகள் நின்றன, அவள் மட்டும் இறங்கவே இல்லை. விழித்தபோது, அந்த ஒரு மூச்சு நேரத்தைத் தன் கையாலேயே நிறுத்திவிட்டோமோ என்ற பயம் வந்தது. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். நாளைக்கு இவன் வைக்கும் குழம்பில் உப்பு அதிகமானாலும், மனம் கோணாமல் இருக்க நன்றாயிருக்கிறது என்பாள். அப்படி ஒருத்தியையா களத்தில் பார்த்தோம்?

வெள்ளிக்கிழமை களத்தில் ஒரு மணி நெல் இல்லை. கழுவிவிட்டது போலக் கிடந்தது. அவள் போனாள், வந்தாள். அவன் குறுக்கே போய் நின்றான்.

"எங்க போட்டுல கோளாறு இருந்தா, கடலுக்குப் போறவரு வந்து மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரு. எங்க மனசு கஷ்டப்படும்னு சொல்லாம வுட்டா, முழுகறது அவருதான். சொல்லு சுகந்தி."

அவள் பலகையிலிருந்து இறங்கினாள். தரையையே பார்த்தாள்.

"நல்ல போட்டுங்க இது" என்றாள் மெதுவாக.

"பலகையா எப்படி?" என்றான் அவன்.

"வாலை மிதிச்சா பலகை கொஞ்சம் வளைஞ்சு, திருப்பி என் காலுக்குப் பதில் சொல்லணும். அப்பதான் எழும்பும். இத மிதிச்சா ரோட்ட மிதிக்கற மாதிரி இருக்கு. கனமும் ரெண்டு பங்கு. ஆனா நீங்க ராப்பகலா செஞ்சீங்க. பழகிக்கலாம்னு நெனச்சேன். கல்யாணமானா எல்லாம் பழகிடும்னு அம்மாவும் சொல்லிக்கினே இருக்காங்க."

அவன் பலகையை எடுத்து ஓரமாக வைத்தான்.

"பழகிக்காத" என்றான்.

அவள் நிமிர்ந்தாள்.

"இதுக்குப் பழகிக்காத. எதுக்கும் பழகிக்கினு போவாத. நாளைக்கு டவுனுக்குப் போலாம். ஞாயித்துக்கெழம மூணாவது ஓலை வாசிக்கறதுக்குள்ள உனக்குப் புடிச்ச பலகை உன் கையில இருக்கணும்."

புதுச்சேரியில் ஸ்கேட்போர்டு விற்கும் பிரிட்டோவின் கடை, ஒரு சைக்கிள் கடைக்கு மாடியில் இருந்தது. சக்கரம் மாட்டாத பலகைகளைச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தான். இருவரும் சொன்னதைக் கேட்டு மூன்றை இறக்கி வைத்தான்.

"இது சாதாரண ஏழு அடுக்கு மேப்பிள் மரம். இது மூங்கில், அடியில ஃபைபர். இது ஏழு அடுக்குதான், ஆனா எப்பாக்சி பசை, ஈரத்துக்கு வுடாது. ஆணி வர்ற எடத்துல மேல் அடுக்குக்குக் கீழ ரெண்டு கார்பன் ஃபைபர் வில்லை வெச்சிருக்கு."

சுரேஷ் பையிலிருந்து காசை எடுத்து மூங்கில் பலகையைத் தட்டத் தொடங்கினான். நடுவில் 'பொத்' என்றது. "இங்க ஃபைபர் வுட்டிருக்கு பாரு."

பிரிட்டோ தானும் தட்டிப் பார்த்தான். முகம் மாறியது. "அண்ணே, எந்த காலேஜுல இதெல்லாம் சொல்லித் தர்றாங்க?"

"நல்லதா இருந்தாலும் அது நீளமா, ஜாலியா ரோட்டுல போறதுக்குத்தான்" என்றாள் சுகந்தி. "துள்ளறதுக்கு ஆகாது."

மூன்றாவது பலகையை சுரேஷ் கையில் எடுத்தான். ஓரத்தில் அடுக்குகள் கோடு கோடாகத் தெரிந்தன. கனமே இல்லை. முழுக்க மரம், வலு தேவைப்படும் இரண்டு இடத்தில் மட்டும் கார்பன். அவனுக்குச் சட்டென்று கூச்சமாக இருந்தது. போட்டிலும் அப்படித்தானே செய்வான். இன்ஜின் உட்காரும் பின்பக்கத்தில்தான் கூடுதல் மேட், மற்ற இடத்தில் போட்டால் போட் கல்லாகிவிடும் என்று புதிதாக வருபவர்களிடம் அவனே சொல்லியிருக்கிறான். அவளுக்குச் செய்தபோது மட்டும் அது மறந்துபோயிருந்தது. அந்த நீலப் பலகையில் அவன் வைத்த ஆறு மேட்டும் அவனுடைய பயம்தான்.

மறுபடி தட்டப் போன கையை நிறுத்தினான். பலகையை அவளிடம் நீட்டினான். "மொதல்ல நீ பாரு."

சுகந்தி செருப்பைக் கழற்றிவிட்டு, பிரிட்டோ இரு பக்கமும் கட்டை வைத்துக் கொடுத்த பலகை மேல் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள். முழங்காலை மடக்கி நிமிர்ந்தாள். மறுபடி மடக்கினாள். கீழே சைக்கிள் மணி ஒன்று அடித்து ஓய்ந்தது. அவள் உதட்டில் மெல்ல ஒரு சிரிப்பு வருவதை சுரேஷ் பார்த்தான். அந்தக் கடை, சுவர், பிரிட்டோ எல்லாம் எங்கோ தள்ளிப் போனது போல இருந்தது.

"இதுங்க" என்று கண்ணைத் திறந்தாள். பிறகு அவனிடம் கை நீட்டிக் காசை வாங்கி, அதை அவன் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்தாள். "இப்ப தட்டிப் பாருங்க."

அவன் தட்டினான். மூலைக்கு மூலை ஒரே சத்தம்.

"இதுவும் ஒருநாள் ஒடையும்" என்றாள்.

"ஒடையட்டும். இன்னொன்னு பாத்துக்கலாம்."

ஞாயிறு காலை மூன்றாம் ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. சாயங்காலம் சுரேஷ் களத்துக்குப் போனபோது மரியசுந்தரம் நீலப் பலகையில் நெல் மூட்டையை ஏற்றி, களத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, அசங்க மாட்டேங்குது. இதுல இன்னும் ரெண்டு செஞ்சு குடுத்தீங்கன்னா ஊரே வாங்கும்" என்றார்.

சுரேஷ் சிரித்தபடி வரப்பில் உட்கார்ந்தான். காலி இடத்தில் துடைப்பத்தைக் குறுக்கே போட்டுவிட்டு சுகந்தி, புதுச் சக்கரம் மாட்டிய பலகையில் தூரமாகப் போய்த் திரும்பினாள். வெயில் சாய்ந்து களம் மறுபடி தண்ணீராகியிருந்தது. அவள் அதன் மேல் வந்தாள். விழுந்துவிடுவாளோ என்று அவனுக்கு இருந்தது. எழுந்திருக்காமல், கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

'டக்'.

அவன் காதுக்கு அந்தச் சத்தம் தெரியும். எங்கும் விடாத சத்தம். அவள் எழும்பினாள்.