நாற்பது பேர் கொண்ட உதவிக்குழு

மூன்று கல்லூரிகள் சேர்ந்து பொதுவாக ஒரு கணினிச் சேவையை வாடகைக்கு எடுப்பதென்று முடிவானதும், டெண்டர் வேலை மொத்தமும் கொள்முதல் அதிகாரியின் தலையில் விழுந்தது. மூன்று நிறுவனங்கள் போட்டியிட்டன. மதிப்பெண் போட அவளோடு உட்கார்ந்தவர் வானியல் பேராசிரியர். நட்சத்திரக் கணக்குப் போடும் அவருடைய புரோகிராம் பாதியில் நின்றுவிட்டால், வீட்டில் மனைவிகூட அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை.

கடைசி விளக்கத்துக்கு மூன்று நிறுவனத்தாரையும் ஒன்றாகக் கூப்பிட்டிருந்தாள்.

"ராத்திரி பகலா உதவி உண்டுன்னு எல்லாருமே எழுதியிருக்கீங்க. ஒரு போன் போட்டுப் பார்த்துடலாமா?" என்று ஸ்பீக்கரை அழுத்தினாள்.

முதல் நிறுவனத்தின் எண்ணில் இசை ஒலித்தது. டீ வந்தது, குடித்தும் ஆயிற்று, இசை நின்றபாடில்லை. இரண்டாவது எண் உபயோகத்தில் இல்லையாம். அந்த நிறுவனத்தின் மேலாளர் மின்விசிறியை ஆராயத் தொடங்கினார்.

மூன்றாவது எண்ணைப் போட்டதும் அறைக்குள்ளேயே மணி அடித்தது. 'நாற்பது பேர் கொண்ட உதவிக்குழு' என்று எழுதிக்கொடுத்திருந்த இளைஞர் சட்டைப்பையைப் பொத்தினார். எடுப்பதா, விடுவதா என்று தவித்தார். பழக்கம் விடவில்லை.

"வணக்கம், உதவி மையம். என்ன பிரச்சினை, சொல்லுங்க" என்றார், அவளையே பார்த்துக்கொண்டு.

"நாற்பது பேர்ல நீங்க எத்தனாவது ஆள்?" என்று அவளும் போனிலேயே கேட்டாள்.

"முதல் ஆள், மேடம். மீதிப் பேரை வேலை கிடைச்சதும் எடுத்துக்கலாம்னு..."

பேராசிரியர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

எல்லாரும் போனபின், "இவருக்கே கொடுத்துடலாம்மா. போனை எடுத்தாரே மனுஷன்" என்றார்.

"பொய் எழுதினவரைத் தள்ளணும் சார். விதி அப்படி."

அவளுக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் மற்ற இருவரும் உதவிக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணைத் தொடவே இல்லை. டெண்டரை ரத்து செய்தாள். இயந்திரங்கள் தனி, உதவி தனி என்று பிரித்து மறுபடி அழைத்தாள்.

இயந்திரங்களுக்கான ஒப்பந்தம், போனில் இசை போட்ட முதல் நிறுவனத்துக்குப் போயிற்று. உதவிக்கு அந்த இளைஞர் திரும்பவும் வந்தார். குழு விவரம் கேட்ட இடத்தில், 'பகலில் நான், இரவில் என் மனைவி, யாருக்காவது உடம்பு சரியில்லையென்றால் மச்சான்' என்று எழுதியிருந்தார்.

மூவருக்கும் தனித்தனியே போன் போட்டுச் சோதித்த பிறகுதான் அவள் கையெழுத்திட்டாள். பொறுமையாகப் பதில் சொன்னதில் மச்சானுக்கே அதிக மதிப்பெண். தம்பதி இருவருக்கும் உடம்பு கல்லுப்போல் இருப்பதில், முறையே வராத அவருக்குத்தான் கொஞ்சம் மனத்தாங்கல்.