முவாக்கியோவின் கால்சட்டை

எங்கள் டைட்டா மலைச்சரிவில் பபூன் குரங்குகளுக்கு ஆண் யார், பெண் யார் என்று நன்றாகவே தெரியும். பெண்கள் கல்லெறிந்தால் அவை நகர்வதில்லை. ஒரு கிழட்டுக் கடுவன் பாறை மேல் உட்கார்ந்து, கோரைப்பல் தெரியக் கொட்டாவி விடும். பெட்டைகள் குட்டிகளை முதுகில் சுமந்தபடி மக்காச்சோளத்துக்குள் இறங்கிக் கன்னப் பைகளை நிரப்பிக்கொள்ளும். ஆணைக் கண்டால் மட்டும் ஓட்டம். அதனால் கணவனின் கால்சட்டையை மாட்டிக்கொண்டு காவலுக்குப் போவது இங்குள்ள பெண்களின் வழக்கம். கணவர்கள் எங்கே என்று கேட்காதீர்கள். என்னுடையவர் முவாக்கியோ, சாலை முக்கில் உட்கார்ந்து நாட்டைத் திருத்திக்கொண்டிருப்பார்.

போன வருஷம் பாதி விளைச்சல் குரங்குகளின் வயிற்றுக்குப் போனது. மூத்தவன் மலெம்பா முதல் என் மூன்று பிள்ளைகளும் நாலு மாதம் வெறும் மரவள்ளியைத் தின்று முகம் வெளுத்துக் கிடந்தார்கள். இந்த முறை ஒரு கதிரையும் விடுவதில்லை என்று, அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போதே அவருடைய கால்சட்டைக்குள் புகுந்து, பொழுது சாயும்வரை வயலில் நின்றேன். கடுவன் பாறையை விட்டு இறங்கவே இல்லை.

ஆறாம் நாள் எனக்குக் காய்ச்சல். துவைத்த கால்சட்டை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"மலெம்பா அப்பா, இன்னிக்கு மட்டும் வயலுக்குப் போங்க."

"எதப் போட்டுக்கிட்டுப் போறது?"

"இத்தன நாளா முக்குக்குப் போட்டுட்டுப் போற சர்ச்சுக் கால்சட்டை இருக்குல்ல."

"அத மண்ணுல பொரட்டவா? உன் லேசோவக் குடு, சுத்திக்கிறேன். காவலுக்குத்தான போறேன், கல்யாணத்துக்கா?"

"அதுங்களுக்கு வித்தியாசம் தெரியுங்க."

"குரங்குக்கா? என் நடையப் பாத்தாலே ஓடிடும்."

நாங்கள் பெண்கள் கட்டும் பூப்போட்ட லேசோத் துணி ஜோடியில் ஒன்றை இடுப்பில் கட்டி, குளிருக்கு இன்னொன்றைத் தலையில் போர்த்தி, உகாளி என்னும் மக்காச்சோளக் களிப் பொட்டலத்தோடு கிளம்பினார். அந்த நடையைப் பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். அதைக் கண்டு எதுவும் ஓடியதில்லை.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, அவர் கத்துவது கேட்டது. "நான் ஆம்பளடா. டேய், நான் ஆம்பள." பக்கத்து வயல் மக்காவசி சிரித்ததும் கேட்டது.

ஈரக் கால்சட்டையை மாட்டிக்கொண்டு நடுங்கியபடி ஓடினேன். மூன்று வரிசை போயிருந்தது. பெட்டைகள் அவர் காலடியிலேயே கதிர் உரித்துக்கொண்டிருந்தன. கடுவன் அவருடைய உகாளியை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. அவர் எறிந்த மண்ணாங்கட்டியை ஒரு குட்டி எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டது. மேட்டில் என்னைக் கண்டதும் கடுவன் ஒரு முறை குரைத்தது. மொத்தக் கூட்டமும் பாறைக்கு ஓடிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று வரிசை என் பிள்ளைகளின் ஒரு மாதச் சாப்பாடு. குரங்குகளைத் திட்டி என்ன பயன், அவை வயிற்றுக்காக வந்தவை. என் எரிச்சல் எல்லாம் லேசோவுக்குள் நின்ற மனிதர் மேல்தான்.

"மக்காவசி பாத்துட்டாளா?" என்றார். அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"பாத்துட்டா."

"சரி, கால்சட்டையக் கழட்டிக் குடு. நான் நிக்கறேன், நீ போய்ப் படு."

பாறை மேலிருந்து கடுவன் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வேண்டாம். இப்ப கழட்டினா அதுக்கே தெரிஞ்சிடும், இந்த வீட்டுல ஆம்பளைங்கிறது வெறும் துணிதான்னு. நீங்க வீட்டுக்குப் போங்க. பிள்ளைங்க வர்றதுக்குள்ள உகாளி கிண்டி வைங்க."

லேசோ தடுக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் மேடேறினார். கடுவன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.