மாற்று வீடு

“அவளை உள்ள விடாதே ஹரி. ரத்தம் எடுக்கணும்னா கொல்லைப்பக்கமா வந்து எடுத்துண்டு போகட்டும்,” என்று மகனிடம் சொல்லி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள் ஜயலக்ஷ்மி.

வெயிலில் நின்ற மாரீஸ்வரிக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. ஆறு மாதமாக வன்னியம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து, வீடு வீடாகப் பெண்களின் விரலைக் குத்தி ஹீமோகுளோபின் அளவு பார்க்கிறவள். ஆனால் இது, அவளை அந்த வேலைக்கு வைத்த டாக்டர் ஹரிப்ரசாத்தின் சொந்த வீடு. தெருவுக்குத் தெரு ஒவ்வொரு பத்தாவது வீட்டிலும் பார்க்க வேண்டும் என்று விதி செய்தவர் அவரே. ஸ்ரீவில்லிபுத்தூரின் அந்தத் தெருவில் பத்தாவது வீடு அவருடையதாகப் போயிற்று.

ஹரிப்ரசாத் லேசுப்பட்டவர் இல்லை. சாதியும் வறுமையும் வீட்டு வழக்கமும் மனித உடம்பை எப்படிக் கெடுக்கின்றன என்று பதினெட்டு வருடமாக ஆராய்கிறவர். கூமாப்பட்டிப் பெண்களின் ரத்தசோகை அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கித் தந்தது. ராஜபாளையம் மில் பெண்களின் ரத்தசோகை அவரை ஜெனீவாவுக்கு விமானம் ஏற்றியது. ‘கடைசியில் சாப்பிடுகிறவள் உடம்பில் ரத்தம் ஊறாது’ என்று மேடையில் அவர் சொன்னால் வெள்ளைக்காரர்களே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்களை அழவைத்துவிட்டு ஊர் திரும்பினால், மனைவி அனுக்ரஹா சுடச்சுடப் பரிமாறுவாள். நீ சாப்பிட்டாயா என்று அவர் கேட்டதில்லை. கேள்வி கேட்பதற்குத்தான் சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தாரே.

கடைசியில், வாசலை ஒட்டிய ரேழியோடு நிறுத்திக்கொள்வது என்று அம்மாவுக்கும் பிள்ளைக்கும் சமாதானம் ஆயிற்று. சாதிக் கொடுமை பற்றி இரண்டு புத்தகம் எழுதியவர் இதற்குமேல் என்னதான் செய்வார், பாவம்!

“சார், நீங்களும் அம்மாவும் செத்த நேரம் வெளிய நில்லுங்க. பொம்பளைய தனியா வச்சுத்தான் கேக்கணும்னு நீங்கதான சொன்னீக?”

இருவரும் முணுமுணுத்துக்கொண்டே தெருவில் இறங்கினார்கள்.

“வீட்டுல யாரு அக்கா கடைசியா சாப்பிடுவாக?”

“நான்தான்.”

“சோறு பத்தலன்னா?”

“மிச்ச ரசத்தைக் குடிச்சுட்டுப் படுத்துப்பேன்,” என்றாள் அனுக்ரஹா. “மூணு மாசமா மாடிப்படி ஏறினா மூச்சு வாங்கறது. சொன்னேன். வயசாறதுன்னுட்டார்.” அவளுக்கு முப்பத்தாறு வயது.

மாரீஸ்வரி அவள் விரலைக் குத்தி, மெஷினை இரண்டு தடவை பார்த்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். “சார், ஆறு புள்ளி நாலு! எட்டுக்குக் கீழ இருந்தா அன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்.”

ஹரிப்ரசாத்தின் முகம் வெளுத்தது. நானூறு வீட்டில் இதுவரை வந்ததிலேயே குறைந்த அளவு, அதுவும் அவருடைய விலாசத்தில்! அறிக்கையை டெல்லியில் நாலு பேர் படிப்பார்களே.

“மாரீஸ்வரி, லிஸ்ட்லேர்ந்து இந்த வீட்டை அழிச்சுடு. பக்கத்தாத்தை மாற்று வீடாப் போட்டுக்கோ.”

“வீடு பூட்டிக் கிடந்தாத்தான் மாத்த முடியும் சார்.”

“பூட்டிக் கிடந்ததுன்னு போடேன்!”

“அப்பொ இந்த அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு?”

“நாளைக்கு எனக்குச் சென்னையில கான்ஃபரன்ஸ். வந்து பார்த்துக்கலாம்.”

ரேழியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அனுக்ரஹா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். படி இறங்கும்போது தலை சுற்றியது. தெருவே பார்க்க மாரீஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

ஜயலக்ஷ்மி பதறினாள். “எங்கேடி கிளம்பிட்டே? மணி பன்னெண்டரை. அவனுக்கு யார் சாதம் போடுவா?”

“பூட்டின ஆத்துல யாருக்கும்மா சாதம் போடறது?” என்று கேட்டாள் அனுக்ரஹா. “மாரீஸ்வரி, சீட்டை எழுதிக் குடு. ஆட்டோவுக்குக் கை காட்டு.”

ஆட்டோ தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றார் ஹரிப்ரசாத். பிறகு உள்ளே போனார். அடுப்படியில் சாதமும் குழம்பும் பொரியலும் மூடியே இருந்தன. அவர் இரண்டு அலமாரியைத் திறந்து பார்த்தார்.

“அம்மா,” என்று கூப்பிட்டார், “தட்டெல்லாம் எங்கே இருக்கும்?”